லேன்டர்ட்டின் தொப்பி

"ஜன்னலைத் திறந்து வச்சுட்டு ஹீட்டர் போடுற பொண்ணை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

லேன்டர்ட் கேட்டதும், தக்காளி விவசாயிகள் சங்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அலெய்டா சிரிக்கவில்லை. அப்பா இறந்த பிறகு, அவர் தக்காளி வளர்த்த கண்ணாடிக் குடிலை அவள் தனியாக நடத்தும் முதல் குளிர்காலம் அது.

"கூரை ஜன்னலை விரலளவுதான் திறக்கிறேன், மாமா. ஈரம் உள்ளேயே தேங்கினா இலை நனையும், சாம்பல் பூஞ்சை வரும். சூடு பண்ணித் திறந்துவிட்டா ஈரம் வெளியே போயிடும்."

"ஆக, ஹாலந்து வானத்துக்கே நீதான் குளிர் போக்குறே!"

மறுபடியும் சிரிப்பு.

"செடி குளிர்ல செத்துதுன்னா, குடிலை எனக்கு வித்துட்டு டவுனுக்கு வேலைக்குப் போயிடணும். சரியா?"

"சரி. சாகலைன்னா?"

லேன்டர்ட் தன் தொப்பியைத் தொட்டுக் காட்டினார். சர்ச்சுக்குள் தவிர வேறெங்கும் அவர் கழற்றாத தொப்பி.

"தோத்தேன்னு எல்லார் முன்னாடியும் உனக்கு இதைக் கழட்டுறேன்."

அந்த ஜனவரி முழுக்க மூடுபனி. குடில் குடிலாகப் பூஞ்சை பரவியது. பக்கத்துக் குடில் ஹூப், பாதிச் செடிகளைப் பிடுங்கி எறிந்தார்.

பனி விலகி வெயிலடித்த ஒரு காலையில், அலெய்டா தட்டு நிறையத் தக்காளியோடு சங்கத்துக்கு வந்தாள். செக்கச் செவேலென்று, ஒரு புள்ளி இல்லை.

ஹூப் ஒன்றை எடுத்துக் கடித்தார். "யோவ் லேன்டர்ட், கழட்டுய்யா தொப்பியை!"

"எதுக்கு? என் செடியிலயும்தான் பூஞ்சை இல்லை. நான் ஜன்னலை இறுக்கி மூடித்தான் வச்சிருக்கேன்! இவளுக்கு ஏதோ அதிர்ஷ்டம்."

அலெய்டாவின் முகம் வாடிவிட்டது.

எதேச்சையாக வெளியே பார்த்த ஹூப் அலறினார்.

"ஐயையோ, லேன்டர்ட்! உன் குடில் கூரையில புகை! தீப்பிடிச்சிருச்சு! தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுங்கப்பா!"

ஒருவர் போனை எடுத்தார். மற்றவர்கள் வாளிகளோடு ஓடினார்கள்.

லேன்டர்ட் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி ஆட்டிக்கொண்டே அவர்களுக்குக் குறுக்கே பாய்ந்தார்.

"கூப்பிடாதீங்க! நில்லுங்கடா! அது புகையில்லை! ஜன்னல் வழியா ஈரம் வெளியே போகுது! விரலளவுதான் திறந்திருக்கேன்!"

வாளிகள் அப்படியே நின்றன.

அலெய்டா சிரித்தாள்.

"போதும் மாமா, தொப்பியைப் போட்டுக்குங்க. குளிருது."