சாக்பீஸ் கோடு

முதலில் வாயை விட்டது மாப்பிள்ளைதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்த அன்றே, ஷெட்டில் நின்ற பழைய காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை எடைக்குப் போட்டா என்ன தேறும் மாமா?" என்று கேட்டுச் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கல்யாணம் நடந்தது, பேத்தி பிறந்தாள், அவள் பள்ளிக்கூடமும் போகிறாள். மாமனார் மட்டும் மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே வீடு, சாப்பிட ஒரே மேஜை. ஆனாலும், "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா" என்று எல்லாம் மகள் வழியாகத்தான். தான் பெண்டாட்டியா தபால்காரியா என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வரும்.

மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போடுகிறவருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்பது பெரியவரின் கேள்வி. அதையும் மகளிடம்தான் கேட்பார், மாப்பிள்ளையின் காதில் விழுகிற மாதிரி.

பெரியவர் பேக்கரி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். காரைப் பட்டறைப் பக்கமே விட மாட்டார். ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது எல்லாம் வீட்டிலேயே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கில் அடைந்த தூசியைத் தட்டி, திரும்ப மாட்டுவார். நட்டுகளை முடுக்கியதும் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார், நட்டிலிருந்து சக்கரம் வரைக்கும். வேன் ஓட்டிய காலத்துப் பழக்கம். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மனைவி போன பிறகு நாற்காலியே கதி என்று கிடந்த மனிதரை எழுப்பி நிறுத்தியது அந்தக் கார்தான். அதனால்தான், போன வருஷம் அவருடைய வலது கையில் பலம் குறைந்து நடுக்கம் கண்டபோது இனி காரையும் விட்டுவிடுவாரோ என்று மகள் பயந்தாள். அவர் அதைச் சட்டை செய்யவில்லை. வழக்கம்போல ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

ஒரு ஞாயிறு மதியம் சந்தேகப்பட்டு மாப்பிள்ளை போய்ப் பார்த்தார். ஸ்பேனரை வைத்ததுமே நட்டு தானாகச் சுற்றியது. கோடு இருந்தது, இறுக்கம் இல்லை.

பேசாமல் பட்டறைக்கு அனுப்பிவிடலாம் என்று மகள் அழுதாள். மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை.

"பட்டறைக்கு விட்டா உங்கப்பா மறுபடியும் நாற்காலிக்குப் போயிடுவாரு. அவர் தூங்கறப்போ நான் ஒரு தடவை முடுக்கி வெச்சிடறேன். நம்ம பொண்ணு ஏறுற வண்டி. யார் கை முடுக்கினா என்ன?"

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஞாயிறு சாப்பாடு முடிந்து அறையிலிருந்து பெரியவரின் குறட்டை கிளம்பும். மாப்பிள்ளை பூனை மாதிரி ஷெட்டுக்குப் போவார். பழைய கோட்டை ஈரத்துணியால் துடைத்து, நட்டை இறுக்கி, புதுக்கோடு இழுத்துவிட்டு வந்துவிடுவார். மகள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே காவல் இருப்பாள்.

இன்றைக்குக் குறட்டை நடுவில் நின்றுவிட்டது.

செருப்புச் சத்தம் கேட்டு அவள் சோப்புக் கையோடு ஓடினாள். அதற்குள் பெரியவர் ஷெட் வாசலுக்குப் போய்விட்டார். உள்ளே மாப்பிள்ளை, கையும் சாக்பீஸுமாக, சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தார்.

எழுந்து நின்று, தூசி துடைக்க வந்ததாக என்னவோ முனகினார். நான்தான் அனுப்பினேன் என்று மகள் குறுக்கே விழுந்தாள். பெரியவர் இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டுச் சக்கரத்தருகே குனிந்தார். ஒவ்வொரு கோடாகப் பார்த்தார்.

சாவியைத் தூக்கி மேஜையில் போட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்காரப் போகிறார், இனி எழுந்திருக்க மாட்டார் என்றே மகள் நினைத்தாள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா" என்றார் பெரியவர், மாப்பிள்ளையின் பக்கம் திரும்பாமலே. "கோட்டைக் கொஞ்சம் கோணலாப் போடச் சொல்லு. ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி இருக்கு. பாக்கறவனுக்கு இது நடுங்கற கை போட்டதில்லன்னு தெரிஞ்சிடாதா? எனக்கு முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு."

மகள் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் சோப்பு.

"அப்போ அவர் மேல இருந்த கோபம் போயிடுச்சாப்பா?"

"அது எப்படிப் போகும்? எடைக்குப் போடலாம்னு சொன்ன வாய். இன்னிக்கு வரைக்கும் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல. அது பாக்கி அப்படியேதான் நிக்குது."

"மாமா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"முதல்ல அந்தக் கடைசி நட்டை முடுக்கச் சொல்லும்மா. பேச்சு அப்புறம்."

வீட்டுப் பக்கம் நாலடி நடந்தவர், நின்று திரும்பினார்.

"இன்னொண்ணும் சொல்லிடு. வேலை முடிஞ்சதும் ஒரு குரல் கொடுக்கச் சொல்லு. தூக்கமே வராத மனுஷன், எவ்வளவு நேரந்தான் குறட்டை விட்டுக்கிட்டே கிடப்பேன்? தொண்டை காஞ்சுபோய்த்தான் தண்ணி குடிக்க எழுந்து வந்தேன்."