மேனேஜர் மேல் ஒரு புகார்

"உங்க நாய்தாண்ணே என் கோழியைத் தின்னிருக்கு. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்!"

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். தைத்துக்கொண்டிருந்த துணியைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்றால் கோபம் எந்த அளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர்காரர் நிமிரவில்லை. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது கேக்குதா இல்லையா?"

"கேக்குதும்மா."

"பதினேழு நாளாச்சு, என் செவலைக் கோழியைக் காணோம்! இருக்கறதுலயே நல்லா முட்டை போடறது அதுதான். போன தடவை அடைக்கு உக்காந்துடுச்சு. அடைக்கு உக்காந்தா முட்டை போடாதே! மூணு நாள் வாளித் தண்ணியில முக்கி முக்கி எடுத்து, அடையைக் கலைச்சு, மறுபடி முட்டை போட வச்சேன். அவ்வளவு பாடுபட்டு வளத்ததை உங்க நாய் ஒரே வாயில..."

அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

நாய் எதிரே மரத்தில் கட்டிக் கிடந்தது. பேர் மேனேஜர். நாள் முழுக்கக் கடையில் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரை முறைப்பதைத் தவிர ஒரு வேலையும் செய்யாததால் அந்தப் பேர்.

வேனுக்குக் காற்றடிக்க வந்த பால்காரர் சும்மா இருப்பாரா?

"அது சரி, வருஷக்கணக்கா அவிழ்த்து விட்டிருந்த நாயை இப்ப ரெண்டு வாரமா ஏன் கட்டி வச்சிருக்கீங்க?"

"அப்படிக் கேளுங்க! தப்புப் பண்ணாத நாயை எதுக்குக் கட்டணும்? இவர் ஷெட்டு வாசல்ல கிடந்துச்சு, இந்தா!" முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிவப்பு இறகைக் காட்டினாள்.

பஞ்சர்காரர் இறகைப் பார்த்தார். சாத்திக் கிடந்த ஷெட்டைப் பார்த்தார். மறுபடி ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினார்.

அந்த ஷெட் விஷயமும் யாருக்கும் புரியவில்லை. உள்ளே நிழல் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. மனிதர் கதவைச் சாத்திவிட்டு வெயிலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறார். சுத்தியல் வேலை வந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டு முனைக்கே போய்விடுகிறார். மனைவி போனதிலிருந்து தனியாக இருந்து இருந்து மூளை குழம்பிவிட்டது என்று ஊரில் பேச்சு. அந்த வீட்டில் அவரோடு மிச்சம் இருப்பது மேனேஜர் ஒன்றுதான்.

"ஒரு தடவை கோழியைக் கடிச்ச நாய் அப்புறம் விடாது. எனக்கு இன்னும் ஒம்போது கோழி இருக்கு. பால்காரரே, இதை உங்க வேன்ல ஏத்திட்டுப் போய் ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுடுங்க!"

பஞ்சர்காரர் இப்போதுதான் எழுந்தார்.

"தங்கச்சி, நாலு நாள் பொறுத்துக்கோ. வெள்ளிக்கிழமை வரைக்கும். அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

"நாலு நாள்ல என்ன, செத்த கோழி எழுந்து வந்துடுமா?"

"நாலே நாள்மா."

கிரீஸ் படிந்த கையைக் கூப்பினார். யாரிடமும் கும்பிடு போட்டுப் பழக்கமில்லாத மனிதர். அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வெள்ளிக்கிழமை. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் கிடையாது!"

வெள்ளிக்கிழமை காலையில் சொன்னபடி வந்துவிட்டாள். நாயைக் கட்டி ஏற்ற ஒரு கோணிச் சாக்கு கையில். பின்னாலேயே பால் வேன்.

பஞ்சர்காரர் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல நேரத்துல வந்தே. சத்தம் போடாம வா."

ஷெட் கதவை மெல்லத் திறந்தார். மூலையில் ஒரு பழைய லாரி டயர். மேனேஜர் படுக்கிற இடம்.

அதற்குள் செவலைக் கோழி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கீச்சுகீச்சென்று ஒரு பட்டாளமே.

"இந்த மூலையில அது ஒளிச்சுப் போட்டு வச்சிருந்த பதினோரு முட்டையில ஒம்போது பொரிச்சிருக்கு. எல்லாம் உன்னோடதுதான், கூடை கொண்டு வந்து எடுத்துக்கோ."

தையல்காரம்மா குனிந்து குஞ்சுகளை எண்ணினாள்.

"மேனேஜர் இடத்தை இது பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்க மாட்டேன்னுடுச்சும்மா. அவன் தன் இடமாச்சேன்னு போய்ப் போய் மோந்து பாத்தான். இது மிரண்டு எழுந்துட்டா முட்டை அத்தனையும் வீணாயிடும். அதான் அவனைக் கட்டிட்டேன். சுத்தியல் சத்தமும் ஆகாதுன்னு நானும் வெளிய வந்துட்டேன். தண்ணி, தீனி எல்லாம் உள்ளயே வச்சுட்டேன், குறை இல்லை."

"அடப்பாவி மனுஷா! ஒரு கோழிக்காக முதலாளியும் வெளிய, மேனேஜரும் வெளியவா!" பால்காரர் வேன் இஞ்சினை அணைத்துவிட்டார்.

தையல்காரம்மா போய்க் கூடை எடுத்து வந்தாள். கோழியையும் குஞ்சுகளையும் பத்திரமாக ஏற்றினாள். பிறகு அந்தக் கோணிச் சாக்கை உதறி, நாலாக மடித்து, டயருக்குள் விரித்தாள். மரத்தடிக்குப் போய்க் கயிற்றைத் தானே அவிழ்த்துவிட்டாள்.

மேனேஜர் நேரே ஷெட்டுக்குள் ஓடி, சாக்கின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றிச் சுருண்டு படுத்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எவ்வளவு பேசிட்டேண்ணே உங்களை! பாவம், அதையும் ஊர் கடத்தப் பாத்தேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பஞ்சர்காரர் பம்ப்பை எடுத்து வால்வில் மாட்டினார்.

"முதல் நாளே சொல்லத்தான்மா உன் வீட்டுக்கு வந்தேன். கோழியை முக்கற அந்த வாளி, வாசல்ல நிறையத் தண்ணியோட இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."