கட்சி தாவிய ஆல்ரவுண்டர்

"பிளேனோக்காரன் உனக்கு என்னய்யா தர்றான்? அதைச் சொல்லிட்டுப் போ!"

பார்க்கிங் லாட் என்றும் பாராமல் கத்தினார் பத்மநாபன். அமெரிக்காவில் இர்விங் ஊரின் 'இர்விங் புல்ஸ்' கிரிக்கெட் டீமுக்கு அவர்தான் கேப்டன். சீசன் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. முதல் மேட்ச்சே பக்கத்து ஊர் டீமான பிளேனோ ஈகிள்ஸோடு. அந்த ஈகிள்ஸுக்குத்தான் மயில்சாமி போகிறாராம்.

"ஏதோ தர்றாங்க. விடுங்க கேப்டன்."

மயில்சாமி நிதானமாகத் தன் பேட், பேடு, கிளவுஸ் எல்லாவற்றையும் கார் டிரங்க்கில் அடுக்கினார்.

சாதாரண ஆள் இல்லை அவர். ஓப்பனிங் இறங்குவார். புதுப் பந்தும் போடுவார், பந்து பழசானால் ஆஃப் ஸ்பின்னும் போடுவார். கீப்பர் வராவிட்டால் கிளவுஸை மாட்டிக்கொண்டு நின்றுவிடுவார். ஒரு காலத்தில் சென்னை லீக்கில் கம்பெனி டீமுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடியவர். கோயமுத்தூர், சென்னை, நியூஜெர்சி என்று போன இடமெல்லாம் கிளப் மாறியவர்தான். ஆனால் இர்விங்கில் சில வருஷம் அசையாமல் இருந்துவிட்டதால், இனி நம்ம ஆள் என்று பத்மநாபன் நம்பிவிட்டார். அதனால்தான் இந்த வயிற்றெரிச்சல்.

"ஓப்பனிங் உனக்குத்தானே குடுத்தேன்? ஒரு மேட்ச்லயாவது உன்னை பெஞ்ச்ல உக்கார வெச்சிருக்கேனா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னய்யா? லாயல்ட்டின்னு ஒண்ணு வேண்டாமா?"

மயில்சாமி டிரங்க்கை மூடினார்.

"ஒடம்பப் பாத்துக்குங்க கேப்டன். ரொம்ப எளைச்சுப் போயிட்டீங்க."

பத்மநாபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே டீம் ஆட்கள் எல்லாருக்கும் ஈமெயில் தட்டினார். 'மயில்சாமியோடு இனி யாரும் பேச வேண்டாம். கார் பூலும் கிடையாது. விலைக்குப் போனவர் போகட்டும்.'

இளைத்தது என்னவோ உண்மைதான். ஆனால் அது கிரிக்கெட்டால் வந்ததில்லை.

பத்மநாபனே பெஞ்சில்தான் இருந்தார். கிரவுண்டு பெஞ்ச் இல்லை, வேலை பெஞ்ச். கன்சல்டிங் கம்பெனி எச்-ஒன் விசாவில் அழைத்து வந்துவிட்டு, ப்ராஜெக்ட் இல்லை, சும்மா உட்கார் என்று சொல்கிற பெஞ்ச். 2001-ல் அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் இருந்தார்கள். யாரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

அவரும் சொல்லவில்லை. காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு காரை எடுப்பார். லைப்ரரியில் உட்கார்ந்து ரெஸ்யூமாக அனுப்பித் தள்ளுவார். ஒருநாள் மகளுக்குப் புத்தகம் எடுக்க வந்த மயில்சாமி எதிரே நடந்து போனார். நல்லவேளை, இவரைக் கவனிக்கவில்லை. சாயங்காலம் ஃப்ரீவே டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைவார்.

மாசக் கடைசிக்குள் ப்ராஜெக்ட் கிடைக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. நிறைமாதமாக இருக்கும் மனைவி ஸ்வர்ணாவை எந்த பிளேனிலும் ஏற்ற மாட்டார்கள். அவளை இங்கே தனியாக விட்டுவிட்டா போவது?

அந்த வாரமே ஒரு போன் வந்தது. பக்கத்திலேயே லாஸ் கோலினாஸில் ஒரு டெலிகாம் கம்பெனி. இன்டர்வியூவுக்கு வர முடியுமா?

"நான் அங்க அப்ளை பண்ணவே இல்லையே ஸ்வர்ணா! என் பேரு எப்படிக் கிடைச்சுது அவனுக்கு?"

"ஆராய்ச்சியெல்லாம் அப்புறம் பண்ணலாம். முதல்ல ஷேவ் பண்ணுங்க."

இரண்டு அமெரிக்கர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். பத்மநாபன் அசரவில்லை. வேலை கிடைத்துவிட்டது. ஸ்வர்ணா சந்தோஷத்தில் அழுதாள். இவரும் ஷவரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

முதல் நாள், டைரக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். கதவைத் தள்ளினால், உள்ளே ஸ்ரீநிவாஸ்! பிளேனோ ஈகிள்ஸின் கேப்டன்! அம்பயரை நடுவில் வைத்துக்கொண்டு ஸ்ரீநிவாஸோடு சண்டை போட நேரம் இருந்ததே தவிர, எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று பத்மநாபன் ஒருநாளும் கேட்டதில்லை.

"வாங்க கேப்டன், உக்காருங்க. இன்டர்வியூவுக்குக் கூப்பிடச் சொன்னது மட்டும்தான் நான். பாஸ் பண்ணினது நீங்க."

நன்றியில் பத்மநாபனுக்கு என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை.

"சார், இந்த உதவியை மறக்கவே மாட்டேன். நீங்க ஊம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த சீசனே உங்க டீமுக்கு வந்துடறேன். புல்ஸ் கிடக்கட்டும்!"

ஸ்ரீநிவாஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐயோ, அந்தப் பேச்சே வேண்டாம் சார். உங்களைச் சேர்க்க மாட்டேன்னு மயில்சாமிகிட்ட சொல்லி ஏற்கெனவே அசடு வழிஞ்சவன் நான்."

"மயில்சாமிகிட்டயா?"

"ஆமா. வருஷக்கணக்கா கூப்பிட்டேன், மனுஷன் அசையலை. திடீர்னு போன மாசம் அவரே தேடி வந்தார். 'நான் வர்றேனுங்க. ஆனா எங்க கேப்டன் பெஞ்ச்ல இருக்காருங்க, அவரையும் நீங்க எடுத்துக்கோணும்'னார். எனக்கு ஒண்ணும் புரியலை. கேப்டனையே பெஞ்ச்ல உக்கார வெச்சுட்டாங்களா, அப்படிப்பட்ட ஆள் எங்க டீமுக்கு எதுக்குன்னு கேட்டுட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"'டீமுக்கு இல்லீங்க, உங்க ஆபீசுக்கு'ன்னார்."