வெர்லன் விரித்த பஞ்சு

"உன் ஏசி ராப்பகலா கத்துதே நோரீன், கரண்ட் கம்பெனியைத் தத்து எடுத்திருக்கியா?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான் வெர்லன்.

ஃபீனிக்ஸில் ஜூலை வெயில் ஊருக்கே பொது. அறிவு மட்டும் வெர்லனுக்கே சொந்தம்.

"பரண்ல கண்ணாடிப் பஞ்சு விரிக்கப் போறேன். கூரைச் சூடு கீழே இறங்காது, பில்லும் பாதியாயிடும். உன்னை மாதிரி மண்டூகங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும்?" அவனே தொடர்ந்தான்.

"ஆள் வெச்சுப் பண்ணலாமே?" என்றேன்.

"அவனுங்க அரைகுறைங்க. எனக்குத் தெரியாததா?"

சனிக்கிழமை விடியும் முன்பே மேலே ஏறினான். இறங்கியபோது உடம்பெல்லாம் சொறிந்துகொண்டிருந்தான். அப்போதும் என்னைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தான்.

ஆகஸ்டில், வேர்வை சொட்டச் சொட்ட என் கதவைத் தட்டினான்.

"என் வீடு அடுப்பா கொதிக்குது. உன் ஏசி ஏன் இப்பல்லாம் எப்பவாவதுதான் வாயைத் திறக்குது? ரிப்பேரா?"

உள்ளே எட்டிப் பார்த்தவன், நான் போர்த்தியிருந்த கம்பளியைக் கண்டு விழித்தான்.

"இவ்வளவு குளிருதே! எப்படி?"

"எனக்கெல்லாம் எங்கே புரியும், வெர்லன்?"

எங்களுடையது நடுவில் ஒற்றைச் சுவர் வைத்த பழைய இரட்டை வீடு. அந்தச் சுவரும் பரணுக்குக் கீழேயே முடிந்துவிடும். பரண் இருவருக்கும் ஒன்று. அந்தச் சனிக்கிழமை இருட்டில் திசை தடுமாறி, அவன் முட்டிபோட்டு நகர்ந்து, இருமி இருமிப் பஞ்சு விரித்ததெல்லாம் என் படுக்கைக்கு நேர் மேலே.

தலைக்கு மேலே அந்த இருமலைக் கேட்டதுமே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால், மேதைக்கு மண்டூகம் சொல்லித் தருவதா?

திரும்பிப் படுத்துக்கொண்டேன்.