இரண்டாவது சர்வேயர்

வெள்ளம் வடிந்த ஐந்தாம் நாள் சேதத்தைக் கணக்கெடுக்கக் காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் வந்தார். சேறு அப்பிய ரேடியோவைக் காட்டி, "இது யாரோடதும்மா?" என்று கேட்டார்.

மங்கையர்க்கரசி திகைத்துப்போனாள். கணவன் பொன்னுரங்கம் இறந்த இந்த இரண்டு வருடங்களாக, அழுதுவிடுவாளோ என்று பயந்து யாரும் அவளிடம் அவன் பேச்சையே எடுப்பதில்லை. இவரோ கேட்டுக்கொண்டே போனார். எப்ப வாங்கினது? எங்க வெச்சிருந்தார்? தெனமும் கேப்பாரா? அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

மறுவாரம் கம்பெனி அவள் கேட்டதை முழுவதுமாக ஒப்புக்கொண்டது. அவள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. பாலிசியின் பொடி எழுத்துகளைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டுப் போன் செய்தாள்.

"வேற சர்வேயர் வேணும்னு கேக்க எனக்கு உரிமை இருக்காமே?"

"இருக்கும்மா. ஆனா உங்களுக்குத்தான் எல்லாமே சாங்ஷன் ஆயிடுச்சே. என்ன குறை?"

"ஒருத்தர அனுப்புங்க."

வந்தவர் அவசரக்காரர். செருப்பைக்கூடக் கழற்றாமல், பழைய அறிக்கையைப் புரட்டியபடி வாசலிலேயே நின்றார்.

"ரேடியோ, கட்டில், அலமாரி... எல்லாம் இதுல இருக்கே. வேற ஏதாச்சும் விட்டுப்போச்சாம்மா?"

மங்கையர்க்கரசி நாற்காலியை முந்தானையால் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உள்ள வந்து உக்காருங்க. நெறைய விட்டுப்போச்சு."