கடைசிப் போர்

ஆம்பூர் ஷூ கம்பெனி கேன்டீனில் பூர்ணிமா தன்னிடமே வருவதைப் பார்த்ததும், நவநீதன் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தான்.

அவன் அங்கே தரம் பார்ப்பவன். நூறு ஜோடிக்கு ஐந்து ஜோடியைப் பிரித்துப் பார்த்து, மொத்தச் சரக்கையும் பாஸ் செய்வான் அல்லது தள்ளுவான். ஞாயிறுதோறும் யூடியூபில் மாயாஜாலக் கதைகளை விமர்சிப்பான். தையல் பிரிவு பூர்ணிமா எழுதிய டிராகன் நாவலைப் போன வாரம் கிழிகிழியென்று கிழித்திருந்தான்.

“இப்ப வர்ற சீரிஸ் மாதிரியே, இதுலயும் கடைசிப் போர் ஒரே இழுவைன்னு சொன்னீங்களே சார்...”

“மனசுல வெச்சுக்காதம்மா.”

“ஐயோ, அதில்ல சார். என் கதையில போரே கிடையாது. நான்தான் எங்கியோ கொழப்பி எழுதிட்டேன் போல. எந்த எடம்னு காட்டுங்க, திருத்திடறேன்.”

நாவலையும் பேனாவையும் நீட்டினாள்.

முந்நூறு பக்கத்தில் அவன் பிரித்துப் பார்த்திருந்தது பதினைந்துதான்.