எட்டாயிரம் சுற்று

நண்பன் பாலமுரளியின் பழைய காரில், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை நோண்டியவன் ஜெயபாண்டிதான். நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று என்றிருந்த வரம்பை, லேப்டாப்பைச் செருகி எட்டாயிரமாக ஏற்றினான். மறுவாரம் வாடிப்பட்டி சாலையில் என்ஜின் வெடித்து, கார் லாரிக்கடியில் போனது; பாலமுரளி அங்கேயே இறந்தான். "அவனாத்தான் நோண்டிக்கிட்டான் சார்" என்று ஜெயபாண்டி போலீசிடம் சொல்லிவிட்டான்.

துக்கம் கேட்கப் போனவன் முன்னால் பாலமுரளியின் மனைவி ஹம்சவேணி அழவில்லை.

"அவருக்கு லேப்டாப்பைத் திறக்கக்கூடத் தெரியாதுண்ணே. இனிமே கத்துக்குவாரு" என்றாள்.

அந்தச் சொல் உறுத்தியது. கோச்சடையில் தன் வீட்டுக்குத் திரும்பியதும் தன் காரைச் சோதித்தான். அவன் தொட்டே இராத வரம்பு, எட்டாயிரம் என்று காட்டியது. பழையபடி ஆறாயிரமாக மாற்றினான். மறுநாள் காலையில் மீண்டும் எட்டாயிரம். மூன்று நாளும் அப்படியே.

நான்காம் நாள் காலை கம்ப்யூட்டர் பெட்டியையே கழற்றிவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். அது இல்லாமல் வண்டி கிளம்பவே கிளம்பாது. அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

வாசலிலிருந்து மனைவி ரோகிணி கூப்பிட்டாள்.

"என்னங்க, வண்டிய ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு உள்ள என்ன செய்யிறீங்க? பாப்பா முன்சீட்ல ஏறி உக்காந்துட்டா."